அட்டையில் முப்பது, கையில் பத்து

மகளே,

ஏழை நோயாளிகள் பொய் சொல்கிறார்கள் என்று பல நாட்டு டாக்டர்கள் முன்னால் மைக் பிடித்துச் சொன்னாய். அது தவறு. சொன்னபோது உனக்குத் தெரியாது. அன்று மாலையே தெரிந்துவிட்டது, ஏனென்றால் நானே உன்னிடம் சொன்னேன். அதன் பிறகு நான்கு மாதமாகத் தெரிந்துகொண்டே சும்மா இருக்கிறாய். இப்போது அதே கட்டுரையைத் தூக்கிக்கொண்டு வெளிநாட்டுக்குப் போகப் போகிறாய். அங்கே இன்னொரு மாநாடு, இன்னொரு மைக். பெட்டி கட்டியாகிவிட்டது என்று உன் அம்மா சொன்னாள். சாம்பார் பொடியைத் தனிப் பையில் வைத்திருக்கிறாளாம்.

இந்தக் கடிதத்தை உனக்கு மட்டும் எழுதியிருக்கலாமே என்று நினைப்பாய். மூன்று தடவை உனக்கு மட்டும்தான் எழுதினேன். வாட்ஸ்அப்பில் இரண்டு, மின்னஞ்சலில் ஒன்று. முதலாவதற்கு இரண்டு கையைக் கூப்பும் பொம்மை வந்தது. மற்ற இரண்டுக்கும் அதுவும் வரவில்லை. அதனால் எல்லாரும் படிக்கிற மாதிரி பத்திரிகைக்கு எழுதுகிறேன். தமிழில் எழுதுவதற்கும் காரணம் உண்டு. ஆங்கிலத்தில் பேசினால் நீ என்னை ஜெயித்துவிடுவாய். ஒவ்வொரு தப்புக்கும் அந்த மொழியில் உன்னிடம் ஒரு நல்ல பெயர் இருக்கிறது. டெல்லி லோதி ரோடு தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை படித்த தமிழ் உனக்குக் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. எழுத்துக்கூட்டிப் படிக்க நேரமாகும். ஆகட்டும். மலை மந்திர் முருகன் கோயில் படிக்கட்டில் என்னைப் பார்த்து 'டாக்டர் பொண்ணோட அப்பா' என்று கும்பிடுகிறவர்களும் படிப்பார்கள். அவர்கள் முதலில் திட்டப் போவது என்னைத்தான். அது நியாயமும்கூட.

நான் என்ன வேலை பார்த்தேன் என்று உனக்குத் தெரியும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். டெல்லியில் ஓர் அரசாங்க ஆஸ்பத்திரி. எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு இலவசமாக மாத்திரை கொடுக்கும் மையம் அங்கே இருக்கிறது. அதன் ஜன்னலுக்கு உள்ளே இருபத்து மூன்று வருஷம் உட்கார்ந்திருந்த பார்மசிஸ்ட் நான். போன வருஷம் ஓய்வு பெற்றேன். இந்த வியாதிக்கு இன்று ஒரு நாளைக்கு ஒரு மாத்திரை போதும். விடாமல் சாப்பிட்டால் ரத்தத்தில் வைரஸ் கண்ணுக்குப் படாத அளவுக்கு இறங்கிவிடும். எல்லாரையும் போலப் பிழைத்துக் கிடக்கலாம், கூடப் படுக்கிறவருக்கும் தொற்றாது. விட்டுவிட்டுச் சாப்பிட்டால் வைரஸ் மறுபடி ஏறும், நாளாக ஆக மருந்துக்கு அடங்காமல் போகவும் வாய்ப்பு உண்டு. அதனால் எங்கள் மையத்தில் ஒரு வழக்கம். மாதாமாதம் வருகிறவர்கள் பழைய டப்பாவைக் கொண்டுவந்து ஜன்னலில் வைக்க வேண்டும். நான் திறந்து மீதி இருக்கும் மாத்திரைகளை எண்ணுவேன். முப்பது கொடுத்து ஒன்றும் மீதி இல்லையென்றால் ஒழுங்கான ஆள். ஆறோ ஏழோ மீதி இருந்தால், கவுன்சலர் அறைக்குப் போய் அரை மணி நேரம் திட்டு வாங்க வேண்டும். கொடுத்தது இத்தனை, மீதி இத்தனை என்று அவரவர் அட்டையில் என் கையால் எழுதுவேன். அந்த அட்டைகள்தான் உன் ஆராய்ச்சி.

நம் வீட்டில் பொய்யை முதலில் சொல்லிக் கொடுத்தவனும் நான்தான். அந்த மையத்துக்கு என்னை மாற்றியபோது உனக்கு ஐந்து வயது. ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸில் கீழ் வீடு, எதிர் வீடு எல்லாம் நம் ஊர்க்காரர்கள். நான் எங்கே வேலை செய்கிறேன் என்று ஒருவரிடமும் சொல்லவில்லை. தொட்டால் வராது, மூச்சுக் காற்றில் வராது என்று தினமும் ஐம்பது பேருக்குச் சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்ததும் குளித்துவிட்டுத்தான் உன்னைத் தூக்குவேன். முதல் எட்டு மாதம் அப்படித்தான். வெயில் என்று உன் அம்மாவிடம் சொன்னேன். ஜனவரியிலும் வெயில் என்று சொன்னேன். நான்காவதில் நீ படிக்கும்போது உன் டீச்சர் அப்பா வேலையைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னார். நீ என்னிடம் வந்து கேட்டாய். "சர்க்கரை வியாதிப் பிரிவுன்னு எழுது" என்றேன். "நெஜமா அப்பா?" என்றாய். "எழுதுன்னா எழுது" என்றேன். எழுதினாய். நல்ல மார்க் வந்தது. பிறகு ஒருநாள் மருத்துவக் கல்லூரியில் இருந்து வந்து, "எல்லாத்தையும் விட்டுட்டு நான் எச்.ஐ.வி.யில ஆராய்ச்சி பண்ணப் போறேன். நீங்க மறைச்ச விஷயத்தை நான் மேடையில பேசப் போறேன்" என்று சொன்னாய். அன்று எனக்கு வெட்கமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது. அந்த வார்த்தையை இப்போது ஒருதடவை நினைத்துப் பார்.

தட்டுப்பாடு வந்த வருஷத்துக்கு வருகிறேன். மழைக்காலத்தில் தொடங்கியது. மேலேயிருந்து பெட்டிகள் வருவது முதலில் தாமதமாகி, பிறகு பாதியாகி, பிறகு நின்று நின்று வந்தது. காரணம் டெண்டர் என்றார்கள். எந்த வருஷமும் காரணம் டெண்டர்தான்; எந்த வருஷமும் அந்த டெண்டர் போட்டவனை ஒரு நோயாளியின் முன்னால் நிறுத்தியதில்லை. எங்கள் மையத்தின் பெரிய டாக்டர் கெட்டவர் இல்லை. யாரும் வெறுங்கையோடு திரும்பக் கூடாது, ஆளுக்குப் பத்து மாத்திரையாவது கொடுங்கள் என்றார். சரியான பேச்சு. ஆனால் நோயாளியின் அட்டையில் மாதத்துக்கு ஒரு வரிதான் உண்டு. பத்து பத்தாக மூன்று தடவை எழுத இடம் இல்லை. பத்து என்று எழுதினால் மாதக் கடைசியில் மேலே போகிற அறிக்கையில் எங்கள் மையம் சிவப்பாகத் தெரியும். "தீஸ் லிக் தோ" என்றார். முப்பது என்று எழுதிவிடு. மீதி இருபதைப் பர்ச்சி போட்டுக் கொடு. பர்ச்சி என்றால் துண்டுச் சீட்டு. 'பாக்கி 20' என்று எழுதி என் கையெழுத்து. பத்து நாள் கழித்து அந்தச் சீட்டைக் கொண்டுவந்தால், இருந்தால் கொடுப்போம். எங்கள் ஸ்டாக் புத்தகத்தில் மட்டும் யாருக்கு எத்தனை என்று உள்ளது உள்ளபடி எழுதினேன், அதில் தணிக்கை உண்டு என்பதால். அட்டையில் முப்பது. டப்பாவில் பத்து. அடுத்த மாதம் அவர்கள் வரும்போது டப்பாவில் என்ன மீதி இருக்கும்? ஒன்றும் இருக்காது. மீதி: சைபர். அட்டையைப் பார்த்தால் முப்பதையும் விழுங்கிய உத்தமர்கள்.

நிறையப் பேர் பர்ச்சியோடு திரும்பி வந்தார்கள். ஸ்டாக் இருக்காது. "கல் ஆனா" என்பேன், நாளைக்கு வா என்று. நாளைக்கு வந்தால் நாளைக்கும் கல் ஆனா. எத்தனை தடவை அதைச் சொன்னேன் என்று எனக்குத் தெரியாது. தினக்கூலிக்குப் போகிறவன் ஒரு மாதத்தில் மூன்று நாள், நான்கு நாள் ஆஸ்பத்திரி வரிசையில் நிற்க முடியுமா? அதை அவன்தான் யோசிக்க வேண்டும் என்று விட்டுவிட்டேன். எனக்கு மாதக் கடைசியில் அறிக்கை போனால் சரி.

வரிசையில் தமிழ் பேசுகிறவள் ஒருத்தி இருந்தாள். மாரியம்மா என்று வைத்துக்கொள். அது அவள் பெயர் இல்லை. உங்களைப் பற்றி எழுதட்டுமா என்று கேட்டதற்கு, "எழுதிக்க சார், பேரு மட்டும் போடாத. மாரியாத்தா பேர வெச்சிக்க, அவ கோவக்காரி" என்றாள். கள்ளக்குறிச்சிப் பக்கம். லோதி ரோடு அரசாங்க ஃபிளாட்களில் மூன்று வீட்டில் வேலை. இரண்டு பஸ் மாறி வருகிற தூரத்தில் குடிசை. அவளுக்கு இது எப்படி வந்தது என்று கேட்காதே. உன் கேள்வித்தாளில் அதற்கும் ஒரு கட்டம் வைத்திருந்தாய், எனக்குப் பிடிக்கவில்லை. முதல் தடவை பத்து கொடுத்தபோது டப்பாவைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தாள்.

"என்னா சார், டப்பா பெருசா இருக்கு, உள்ள சத்தமே காணோம்?"

"பத்துதான் இருக்கும்மா. பத்து நாள் கழிச்சு இந்தச் சீட்டைக் கொண்டா, மீதி தர்றேன்."

"அட்டையில என்னா எழுதுன?"

"முப்பது."

"அடேங்கப்பா. அட்டைக்கு ஒடம்பு நல்லா ஆயிரும் போலக்கீது."

பின்னால் நின்ற இந்திக்காரன் என்ன என்று கேட்டான். அவள் இந்தியில் சொன்னாள். அவனும் சிரித்தான். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே முப்பதின் பக்கத்தில் கையெழுத்துப் போட்டேன்.

பத்து நாள் கழித்து வந்தாள். இல்லை. மறுநாள் வந்தாள். இல்லை. "பஸ்ஸுக்குப் பரவால்ல சார், பொம்பளைக்குப் பிங்க் டிக்கெட்டு ஓசி. வேலைக்கு லீவு ஓசியில்லையே" என்று சொல்லிவிட்டுப் போனாள். அப்புறம் அடுத்த மாதம்தான் வந்தாள். இப்படி ஐந்து மாதம். குளிர்காலம் முடியும்போது அவளுடைய ரத்தப் பரிசோதனை வந்தது. வைரஸ் ஏறியிருந்தது. கவுன்சலர் அறை என் ஜன்னலுக்கு நேர் எதிரே. கதவு சாத்துவது கிடையாது. அந்தம்மா அட்டையைத் தூக்கிக் காட்டி, முப்பது முப்பதாக வாங்கியிருக்கிறாய், மீதியும் இல்லை, வைரஸ் மட்டும் எப்படி ஏறும், குப்பையில் கொட்டிவிட்டு வந்து பொய்க் கணக்குக் காட்டுகிறாயா என்று கத்தினாள். "ஜூட் மத் போலோ" என்று மூன்று தடவை. பொய் சொல்லாதே. வரிசை முழுக்கக் கேட்டது. மாரியம்மா திரும்பி என்னைப் பார்த்தாள். அவ்வளவுதான், பார்த்தாள். நான் எழுந்து அலமாரியில் பெட்டிகளை அடுக்க ஆரம்பித்தேன். அடுக்குவதற்கு அன்று பெட்டிகளே இல்லை. காலிப் பெட்டிகளை அடுக்கினேன்.

பிறகு ஜன்னலுக்கு வந்தபோது மெதுவாகக் கேட்டேன், ஏன் என் பேரைச் சொல்லவில்லை என்று. "சொன்னா? ஒன்னய மாத்திட்டு வேற ஆள ஒக்கார வெப்பாங்க. அவன் பத்து குடுப்பானோ அஞ்சு குடுப்பானோ. நீ தமிழ்ல திட்டுவ, அவன் இந்தில திட்டுவான்" என்றாள். இதைச் சொன்னபோது அவள் குரலில் கோபம்கூட இல்லை. எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைத்தது, ஆனாலும் பெரிய டாக்டரிடம் போகவில்லை. ஓய்வு பெற இரண்டு வருஷம் இருந்தது.

அடுத்த வருஷம் நீ வந்தாய். பழைய அட்டைகளைப் பார்க்க அனுமதிக் கடிதத்தோடு, வெள்ளைக் கோட்டோடு. பெரிய டாக்டர் எழுந்து நின்று வரவேற்றார். எனக்கு அவர் இருபது வருஷத்தில் எழுந்தது கிடையாது. எல்லாரும் டீ குடித்தோம். ஒரு வாரம் என் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து அட்டைகளைப் படம் எடுத்தாய். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ ஓர் அட்டையைப் பிடித்துக்கொண்டு கேட்டாய்: "அப்பா, இதுல முப்பதுன்னா ஆக்சுவலா முப்பது குடுத்ததுதானே?" என் வாழ்க்கையில் என்னிடம் கேட்கப்பட்ட ஒரே நல்ல கேள்வி அது. நான் என்ன சொன்னேன்? "அட்டையில என்ன இருக்கோ அதுதான் கண்ணு." நீ "அச்சா" என்று அடுத்த அட்டையைத் திருப்பினாய். உண்மை என்று நீ எடுத்துக்கொள்வாய் என்று தெரிந்தே சொன்னேன். அந்த இடம் வரைக்கும் குற்றம் முழுக்க என்னுடையது. இரண்டாவது கேள்வி நீ கேட்கவில்லை, அதுதான் உன் பங்கு. வேறு எதையும் என்னிடம் கற்றுக்கொள்ளாவிட்டாலும் இதைக் கற்றுக்கொள்: எந்தக் காகிதத்தைக் கையில் எடுத்தாலும், எழுதினவன் யாருக்குப் பயந்து எழுதினான் என்று கேள்.

மாநாட்டு நாள். உன் அம்மா பட்டுப்புடவை கட்டிக்கொண்டாள். எங்களுக்குக் கழுத்தில் நீல நாடா போட்ட அட்டை கொடுத்தார்கள், கடைசிக்கு முந்தின வரிசை. உனக்கு முன்னால் பேசினவர் ஆறு மாதத்துக்கு ஒரு ஊசி போட்டால் தொற்று வராமலே தடுக்கலாம் என்பதைக் காட்டினார். மண்டபம் எழுந்து கை தட்டியது. நானும் எழுந்து நின்றேன். அந்த மையத்தில் ஆரம்ப வருஷங்களில் செத்துப்போனவர்களின் முகம் எனக்கு ஞாபகம் வந்தது. கண் கலங்கியது உண்மை. விஞ்ஞானத்தின் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. அது தன் வேலையைச் செய்துவிட்டது. மாத்திரை இருக்கிறது, ஊசி வருகிறது. இடையில் ஜன்னலில் உட்கார்ந்திருக்கிற என்னைப் போன்றவர்களும், டெண்டர்காரர்களும், மேடையில் நிற்கிறவர்களும்தான் அதை வழியில் நிறுத்துகிறோம். அதற்குப் பிறகு நோயோடு வாழும் ஒரு பெண்ணை மேடைக்குக் கூப்பிட்டுப் பூங்கொத்து கொடுத்தார்கள். ஒரு நிமிஷம் பேசவிட்டார்கள். அவள் இந்தியில் ஆரம்பித்தாள்; மொழிபெயர்க்கிறவர் காதில் மாட்டுகிற கருவியைச் சரிசெய்வதற்குள் அவள் நேரம் முடிந்துவிட்டது.

பிறகு நீ. நன்றாகப் பேசினாய். பயமில்லாமல் பேசினாய். உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். நாலைந்து படம் போனதும் திரையில் ஓர் அட்டையின் படம் வந்தது, பெயரை மறைத்திருந்தாய். முப்பது, சைபர். முப்பது, சைபர். முப்பது, சைபர். என் கையெழுத்து, ஆள் உயரத்துக்கு. ஓரத்தில் நான் ஸ்டாம்ப் மை சிந்திய நீலக் கறை. அது யாருடைய அட்டை என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. கீழே சிவப்புக் கோடு, வைரஸ் ஏறுகிறது. "காகிதத்தில் பார்த்தால் இவரைவிட ஒழுங்கான நோயாளி கிடையாது" என்று ஆங்கிலத்தில் சொன்னாய். மண்டபம் சிரித்தது. முழு மருந்து கொடுத்தும் இப்படிப்பட்டவர்கள் மாத்திரையைக் கொட்டிவிட்டு எண்ணிக்கையைச் சரிக்கட்டுகிறார்கள், இவர்களை நம்பி மூன்று மாத மருந்தை ஒரேயடியாகக் கொடுக்கக் கூடாது, அடிக்கடி வரவழைத்துக் கண்காணிக்க வேண்டும் என்று முடித்தாய். ஏன் கொட்டுகிறார்கள் என்பதற்கு ஒரு படம் போட்டாய்: மறதி, அறியாமை, குடி, வேண்டுமென்றே. மாத்திரை கிடைக்கவில்லை என்ற கட்டம் அதில் இல்லை. இத்தனை படித்தவர்கள் உட்கார்ந்திருந்த இடத்தில் ஒருவர்கூட அப்படி ஒரு கட்டம் இருக்க வேண்டுமே என்று கேட்கவில்லை. ஏழை பொய் சொல்வான் என்பதற்கு நம் ஆட்களுக்குச் சாட்சி தேவையில்லை. நான் எழுந்திருக்கவில்லை. கேள்வி நேரத்தில் மைக் என் வரிசை வரைக்கும் வந்தது. பக்கத்து ஆளிடம் தள்ளிவிட்டேன்.

வெளியே டாக்சிக்கு நிற்கும்போதுதான் சொன்னேன். உன் கையில் இன்னும் பூங்கொத்து.

"அந்த அட்டையில இருக்கிற முப்பது, முப்பது இல்ல."

"க்யா மத்லப்? அப்படின்னா என்ன அர்த்தம்?"

சொன்னேன். பர்ச்சி, பத்து, கல் ஆனா, எல்லாம். டாக்சி வந்து நின்று, டிரைவர் "மேடம்ஜி?" என்று இரண்டு தடவை கூப்பிட்டான்.

"நான் கேட்டேனே அப்பா. உங்களக் கேட்டேன்."

"கேட்ட. நான்தான் சொல்லல."

"இப்ப ஏன் சொல்றீங்க?"

டாக்சிக் கதவைத் திறந்துவிட்டேன். வீட்டுக்கு வந்ததும், ஸ்டாக் புத்தகத்தை எடுத்துச் சரிபார்த்துவிட்டுத் திருத்தம் அனுப்புகிறேன் என்று சொன்னாய். அந்த வாரம் உன்னை நினைத்து நிம்மதியாக இருந்தேன். அடுத்த வாரம் அந்த வெளிநாட்டு ஆராய்ச்சிப் பதவி கிடைத்த கடிதம் வந்தது. அதற்குப் பிறகு நீயாகத் திருத்தம் பற்றிப் பேசவில்லை.

நீ பேசாமல் இருக்கிறாய். உன் கட்டுரை பேசிக்கொண்டிருக்கிறது. எங்கள் மையத்தில் அதை வைத்து ஒரு பட்டியல் போட்டார்கள். முப்பது வாங்கி, மீதி இல்லாமல், வைரஸ் ஏறியவர்கள் எல்லாம் அதில். மற்றவர்களுக்கு இப்போது மூன்று மாத மாத்திரை ஒரே தடவையில் கிடைக்கிறது, ஸ்டாக் நன்றாக இருக்கிறது. பட்டியலில் உள்ளவர்கள் வாராவாரம் வந்து, டப்பாவைக் காட்டி, ஏழு மாத்திரை வாங்கிப் போக வேண்டும். தட்டுப்பாட்டில் யார் பட்டினி கிடந்தார்களோ அவர்களையே தேடிப் பிடித்துத் தண்டிக்கிற பட்டியல் அது. நான் பெரிய டாக்டரிடம் போனேன். எழுதிக் கொடுத்தேன், கையெழுத்துப் போட்டு. அவர் படித்துவிட்டு, மடித்து, மேஜை இழுப்பறையில் வைத்தார். "ரிடையர் ஆகிவிட்டீர்கள், கோயில் குளம் என்று இருங்கள். உங்கள் பெண்ணே எழுதிய கட்டுரை இது. அவள் தப்பு என்று ஒரு வரி எழுதட்டும், நாளைக்கே பட்டியலைக் கிழிக்கிறேன்" என்றார். தப்பித்துக்கொள்ளத்தான் சொன்னார். ஆனால் சொன்னது உண்மை. பார்மசிஸ்ட் வார்த்தைக்கு அங்கே மதிப்பில்லை. உன் வார்த்தைக்கு உண்டு.

மாரியம்மாவைப் போன வாரம் லோதி ரோடு பஸ் நிறுத்தத்தில் காலையில் போய்ப் பார்த்தேன். மெலிந்திருந்தாள்.

"மூணு வூடு இருந்துச்சு, இப்ப ஒண்ணு சார். 'ஹர் ஹஃப்தா சுட்டி? வாராவாரம் லீவா, என்னா பெரிய ஆபீசரா நீ'ன்னு கேக்குது மேம்சாப். என்னா வியாதின்னு சொல்ல முடியுமா அதுக்கிட்ட? சொன்னா அந்த ஒண்ணும் போச்சு."

"மாத்திரையை விட்டுடாதம்மா."

"விடாம? வேலய வுட்டுட்டு மாத்திரய திங்கவா? இந்த ஒரு வூட்டுல தீபாவளி போனஸ் குடுப்பாங்க, அதுவரைக்கும் வாராவாரம் போறேன். அப்பால நான் போவல சார். யார் திட்டுனாலும் போவல."

"என் பொண்ணு எழுதினா அந்தப் பட்டியலை எடுத்துடுவாங்க."

"ஒம் பொண்ணா சார் அது? படத்துல என் அட்டைய காட்டுனது?" அவளுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். கவுன்சலர் அம்மா பெருமையாகச் சொன்னாளாம், உன் அட்டை பெரிய மாநாட்டிலேயே வந்துவிட்டது, உன்னைப் போல இருக்கக் கூடாது என்று எல்லாருக்கும் காட்டினார்கள் என்று. மாரியம்மா பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "அது எப்ப எழுதும்?" நான் சீக்கிரம் என்றேன். உன்னிடம் கேட்காமலே சொன்னேன். எனக்கு வாய்க்கு வந்ததைச் சொல்லி ஆளை அனுப்புவது பழகிப்போன வேலை.

நான் கேட்டபோது போனில் நீ சொன்ன நியாயங்களை நான் மறக்கவில்லை. திருத்தம் போட்டால் முழுக் கட்டுரையும் விழுந்துவிடும். அந்தப் பதவி இந்தக் கட்டுரையின் மேல்தான் நிற்கிறது. "அப்புறம் உங்க மேல என்கொயரி வரும், பென்ஷன நிறுத்துவாங்க. உங்களையும் சேத்துத்தான் யோசிக்கிறேன் அப்பா. சோடோ நா, விட்டுடுங்களேன், ப்ளீஸ்." என்னைக் காப்பாற்றச் சொல்லி நான் உன்னிடம் கேட்கவில்லை. இந்தக் கடிதம் அச்சில் வந்தால் என்கொயரி எப்படியும் வரும்; வரட்டும், இருபத்து மூன்று வருஷத்தில் மேலிடத்தில் யாரும் என்னை ஒரு கேள்வி கேட்டதில்லை. உன் அம்மா என்னோடு பேசி மூன்று நாள் ஆகிறது. "பெத்த பொண்ணு சோத்துல மண்ணள்ளிப் போடுறீங்க" என்றாள். இருக்கலாம். நான் அந்த ஜன்னலில் உட்கார்ந்து சம்பாதித்த சோற்றில்தான் நீ டாக்டர் ஆனாய். பத்து கொடுத்து முப்பது எழுதிய மாதங்களிலும் எனக்கு முழுச் சம்பளம் வந்தது. அந்த மாதங்களில்தான் உன் கடைசி வருஷ ஃபீஸும் கட்டினோம். இதை உன்னைக் குத்துவதற்காக எழுதவில்லை. நாம் இருவரும் யாருடைய பங்கைச் சாப்பிட்டுவிட்டு நிற்கிறோம் என்று உனக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

உனக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. இந்தக் கட்டுரை போனால் இன்னொன்று எழுதுவாய். அதற்கு வேண்டியது எல்லாம் அந்த மையத்திலேயே இருக்கிறது. ஸ்டாக் புத்தகத்தையும் அட்டைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு நாளில் தெரிந்துவிடும், மருந்து இல்லாமல் யார் யார் எத்தனை நாள் கிடந்தார்கள் என்று. அதை எந்த மாநாட்டிலும் யாரும் இன்னும் சொல்லவில்லை. நீ சொல்லலாம். கை தட்டல் கொஞ்சம் குறைவாக இருக்கும். ஒருவேளை அந்தப் பதவியும் போகும். போனால் எனக்கும் வலிக்கும். ஆனால் நீ இன்று பேசாமல் இருந்துவிட்டால், நாளைக்கு உன்னிடம் ஒரு பெண் வந்து நான் சாப்பிட்டேன் டாக்டர் என்று சொல்லும்போது, அவள் முகத்தைப் பார்க்க உன்னால் முடியாது. என்னால் முடியவில்லை. அதனால்தான் சொல்கிறேன்.

கோபித்துக்கொள். விமான நிலையத்துக்கு என்னைக் கூப்பிடாதே. அங்கே போய்ச் சேர்ந்தேன் என்று அம்மாவிடம் மட்டும் சொல். எல்லாம் உன் இஷ்டம். ஆனால் தீபாவளிக்கு முன்னால், உன் பெயர் போட்டு, பெரிய டாக்டருக்கு ஒரு வரியும், அந்த மாநாட்டுக்காரர்களுக்கு ஒரு வரியும் எழுது: அவர்களுக்கு முழு மருந்து கொடுக்கப்படவில்லை, அவர்கள் பொய் சொல்லவில்லை, என் முடிவு தவறு.

எழுதுவாயா? எனக்கு வேண்டாம், மாரியம்மாவுக்குப் பதில் சொல்.